யானை மிதித்துச் செத்த துரை... கட்டை குத்தி மாண்ட கனவான்... கண்டி தலதா மாளிகைக்குப் பின்னால் 195 கல்லறைகள் சொல்லும் கதை

கண்டி:

கண்டிக்கு வருகிற சனம் தலதா மாளிகையைக் கும்பிட்டு, வாவியை ஒரு சுற்றுச் சுற்றி, கடையில் சாப்பிட்டுவிட்டு பஸ் ஏறிவிடும். மாளிகைக்குப் பின்புறம் தேசிய நூதனசாலையைத் தாண்டி ஒரு சின்ன ஏற்றம் இருக்கிறது. அதில் சில நிமிடம் நடந்தால் மரங்களுக்கு நடுவே வெள்ளைக்காரர்களின் பழைய சேமக்காலை ஒன்று கிடக்கிறது. கண்டியிலேயே பிறந்து வளர்ந்தவர்களில்கூட பாதிப் பேர் அதைப் பார்த்திருக்க மாட்டார்கள்.

ஆங்கிலத்தில் இதற்குப் பெயர் பிரிட்டிஷ் கரிசன் செமட்டரி. கரிசன் என்றால் கோட்டையில் நிறுத்தி வைத்த படை. 1815இல் கண்டி ராச்சியத்தைப் பிடித்த வெள்ளைக்காரன், இரண்டே வருஷத்தில், அதாவது 1817இல், தன் ஆட்களைப் புதைக்க இந்த இடத்தை ஒதுக்கினான். ஒரு நாட்டைப் பிடித்ததும் முதலில் என்ன தேவைப்பட்டது பார்த்தீர்களா?

இங்கே இருப்பவை 195 கல்லறைகள். படைவீரர்கள், உத்தியோகத்தர்கள், கோப்பித் தோட்டத் துரைமார், அவர்களின் மனைவிமார், பால்குடி மாறாத குழந்தைகள். கல்லில் வெட்டியுள்ள வயதுகளைப் படித்துக்கொண்டே போனால் மனசு என்னவோ செய்யும். முப்பதைத் தாண்டாதவர்கள் ஏராளம். வயது போய்க் கிழவனாகிச் செத்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். ஏன் இப்படி இளம் வயதிலேயே போனார்கள் என்பதைக் கடைசிப் பந்தியில் சொல்வதைவிட இப்போதே சொல்லிவிடுவது நல்லது. ஏனென்றால் மற்றக் கதைகள் எல்லாம் அதில் இருந்துதான் வருகின்றன.

நுளம்பு செய்த வேலை

வாட்டர்லூ யுத்தம் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். 1815இல் நெப்போலியன் தோற்ற யுத்தம். அந்த யுத்தகளத்தில் உயிர் தப்பிய கப்டன் ஜேம்ஸ் மக்லாஷன் என்பவர் இங்கேதான் கிடக்கிறார். பீரங்கிக்குத் தப்பியவரைக் கொன்றது காய்ச்சல். திருகோணமலையில் இருந்து கண்டிக்கு நடந்து வந்திருக்கிறார். வழியில் நல்ல மழை. நனைந்த உடுப்போடேயே தூங்கியதால்தான் காய்ச்சல் பிடித்தது என்று அந்தக் காலத்தில் பேசிக்கொண்டார்கள். வந்தது 1817இல், செத்ததும் அதே வருஷத்தில்.

உண்மையில் மழையில் நனைந்ததால் மலேரியா வருவதில்லை. ஆனால் அன்றைக்கு அது யாருக்குத் தெரியும்? காட்டில் இருந்து வரும் கெட்ட காற்றுத்தான் குளிர்காய்ச்சலுக்குக் காரணம் என்று டொக்டர்மாரே நம்பிய காலம் அது. நுளம்புதான் மலேரியாவைப் பரப்புகிறது என்பதை இந்தியாவில் செக்கந்திராபாத்தில் இருந்த ரொனால்ட் ரோஸ் கண்டுபிடித்தது 1897இல். அதற்குள் இந்தச் சேமக்காலை நிறைந்து பூட்டப்பட்டுவிட்டது. திருகோணமலைப் பாதை முழுக்க அடர்ந்த காடு, பாழடைந்த குளங்கள், தேங்கிய தண்ணீர். நுளம்புக்குச் சொந்த வீடு. அதற்குள்ளே இரவைக் கழித்தவன் பிழைத்தால்தான் ஆச்சரியம்.

மலேரியாவோடு கொலராவும் வயிற்றோட்டமும் சேர்ந்துகொண்டன. தண்ணீரில் இருந்து கொலரா பரவுகிறது என்பதையும் அப்போது பலர் ஏற்றுக்கொள்ளவில்லை. கொதித்தாறிய தண்ணீரைக் குடித்திருந்தாலே இங்கே பாதிக் குழந்தைகள் தப்பியிருக்கும் என்று தோன்றுகிறது.

யானை, கட்டை, இடிந்த வீடு

காய்ச்சலில் செத்தவர்களை விடுங்கள். இங்கு வருகிறவர்கள் தேடிப் போய்ப் பார்ப்பது வேறு சில கல்லறைகளை.

ஜோன் ஸ்பொட்டிஸ்வூட் ரொபட்சன். 1856இல் காட்டு யானை மிதித்துப் பலியானவர். இலங்கையில் யானை கொன்றதாகப் பதிவான ஐரோப்பியர்களில் இவர் ஏழாவது ஆள், கடைசி ஆளும் இவர்தான் என்று சொல்லப்படுகிறது. கடைசி ஆள் என்றால் வெள்ளைக்காரர்களில் கடைசி. நம்ம நாட்டுச் சனத்துக்கு அது இன்னும் முடியவில்லை. இப்போதும் வருஷத்துக்கு நூற்றுக்கும் அதிகமானோர் யானை தாக்கிச் சாகிறார்கள். அவர்களில் யாருக்கும் இப்படி 170 வருஷம் பேசப்படும் கல்லறை கிடைக்கப் போவதில்லை.

யானைப் பேச்சு வந்ததால் ஒன்று. அந்தக் காலத்தில் யானையைச் சுடுவது துரைமாருக்குப் பொழுதுபோக்கு. மேஜர் ரொஜர்ஸ் என்று ஒருவர் ஆயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளைச் சுட்டுக் கொன்றவர். அவரை எந்த யானையும் ஒன்றும் செய்யவில்லை. 1845இல் அப்புத்தளையில் இடி விழுந்து செத்தார். அவருடைய கல்லறை கண்டியில் இல்லை, நுவரெலியாவில். அந்தக் கல்லறையிலும் பிறகு இடி விழுந்தது என்று நுவரெலியாக்காரர்கள் சொல்வார்கள்.

திரும்பக் கண்டிக்கு வருவோம். வில்லியம் வொட்சன் மெக்வூட். பெயர் எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதா? இறம்பொடை தாண்டி நுவரெலியா போகும் வழியில், லபுக்கலை தோட்டத்து மலையில், முன்பு பெரிய வெள்ளை எழுத்தில் மெக்வூட்ஸ் என்று எழுதி வைத்திருந்தார்களே, அதே குடும்பப் பெயர்தான். இந்த மெக்வூட் குதிரையில் இருந்து இறங்கும்போது, கோப்பிக் கன்று நட இடம் குறித்து நட்டிருந்த கூரான கட்டை ஒன்றின் மேல் விழுந்தார். கட்டை உடம்பில் ஏறிவிட்டது. ஆள் தப்பவில்லை.

தோட்டத்தில் வேலை செய்தவர்களுக்கு இந்தக் கட்டை நன்றாகத் தெரியும். காட்டை வெட்டி, எரித்து, கயிறு பிடித்து, வரிசையாகக் கட்டை அடித்து, அதற்குப் பிறகுதான் குழி வெட்டுவார்கள். கட்டை அடித்தது யார், குழி வெட்டியது யார் என்று கேட்டால் பதில் ஒன்றுதான். அதைப் பிறகு சொல்கிறேன்.

டேவிட் ஃபின்லே என்பவர் 1861இல் சொந்த வீடு இடிந்து விழுந்து செத்தார். மெக்கில் என்று இன்னொருவர் 1873இல் வெயில் அடித்துச் செத்தார். ஸ்கொட்லாந்துக் குளிரில் பிறந்த ஆட்களுக்கு நம்ம ஊர் மத்தியான வெயில் யமன். தொப்பியைப் போட்டுக்கொண்டு நிழலில் இருந்தால் போதும், ஆனால் தோட்டத்துரை என்றால் மலை மலையாக ஏறி இறங்க வேண்டுமே!

தேசாதிபதியின் மனைவியும் இங்கேதான் இருக்கிறார். சேர் வில்லியம் கிரகரி 1872இல் இருந்து 1877 வரை இலங்கையின் தேசாதிபதி. கொழும்பு நூதனசாலையைக் கட்டியவர். அவருடைய மனைவி எலிசபெத் 1873இல் நோய்வாய்ப்பட்டு இறந்தார். தேசாதிபதி பெண்சாதி என்பதற்காகக் காய்ச்சல் மரியாதை கொடுப்பதில்லை. கிரகரி பிறகு அயர்லாந்துக்குப் போய் ஒரு இளம்பெண்ணைக் கல்யாணம் செய்தார். அந்தப் பெண்தான் பின்னாளில் நாடகம் எழுதிப் பெயர் பெற்ற லேடி கிரகரி.

ராசாவைக் கவிழ்த்தவர்

இந்தச் சேமக்காலையில் இருப்பவர்களில் மிகப் பெரிய தலை சேர் ஜோன் டொயிலி. யானை மிதித்தவரைப் பார்க்கக் கூட்டம் போகிறது. ஆனால் நம்ம சரித்திரத்தையே புரட்டிப் போட்டவர் இந்த டொயிலிதான்.

டொயிலி வெறும் உத்தியோகத்தர் இல்லை. சிங்களம் எழுதப் பேசப் படித்தவர். மாத்தறையில் வேலை பார்த்தபோது புலவர் கஜமன் நோனா சிங்களக் கவிதையிலேயே இவருக்கு மனுப் போட்டு உதவி பெற்றார் என்பது சிங்களப் பிள்ளைகள் பாடசாலையில் படிக்கிற கதை. கலியாணம் கட்டவில்லை. ஊர்க்காரர் மாதிரியே சாப்பாடு, பழக்கவழக்கம். இப்படிப் பழகிப் பழகி, கண்டிக்குள் ஆள் வைத்து உளவு பார்த்தார். ராசாவோடு மனஸ்தாபப்பட்ட பிரதானிகளுக்கு இரகசியக் கடிதம் அனுப்பினார். வியாபாரிகள், பிக்குமார், தப்பி ஓடி வந்தவர்கள் எல்லாரிடமும் தகவல் சேகரித்தார். படை கிளம்பியபோது கண்டியின் ஒவ்வொரு கதவும் எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. ஒரு பெரிய சண்டைகூட இல்லாமல் ராச்சியம் கைமாறியது.

கண்டியின் கடைசி ராசா ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன். பிறந்த பெயர் கண்ணுசாமி. தென்னிந்தியாவில் இருந்து வந்த நாயக்கர் வம்சம். 1815 பெப்ரவரி 18ஆம் திகதி, மெதமஹநுவர பகுதியில் ஒரு வீட்டில் ஒளிந்திருந்தபோது அவரைப் பிடித்தார்கள். மார்ச் 2ஆம் திகதி கண்டி ஒப்பந்தம். அதில் ஒரு நிபந்தனையைக் கவனிக்க வேண்டும். ராசாவின் "மலபார்" உறவினர்களுக்கு இனி அரசுரிமை கிடையாது, அந்தக் குடும்பத்து ஆண்கள் அனுமதி இல்லாமல் கண்டி நாட்டுக்குள் கால் வைக்கக் கூடாது. மலபார் என்று வெள்ளைக்காரன் அன்றைக்குச் சொன்னது தமிழ் பேசும் ஆட்களைத்தான்.

தமிழ் ராசா குடும்பம் உள்ளே வரக் கூடாது என்று எழுதிய அதே வெள்ளைக்காரன், பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்குள் கோப்பித் தோட்டத்துக்குக் கூலி வேலை செய்யத் தமிழ்ச் சனத்தைக் கூட்டி வரத் தொடங்கினான். ராசாவாக வந்தால் குற்றம், கூலியாக வந்தால் வரவேற்பு!

ராசாவை 1816இல் கப்பலில் ஏற்றி மெட்ராசுக்குக் கொண்டுபோய், வேலூர்க் கோட்டையில் வைத்தார்கள். 1832 ஜனவரி 30இல் அங்கேயே காலமானார். வேலூரில் பாலாற்றங்கரையில் அவருக்கு நினைவிடம் இருக்கிறது. தமிழ்நாட்டு அரசு 1990இல் அதை முத்து மண்டபமாக எடுத்துக் கட்டியது. அவரைக் கவிழ்த்த டொயிலி அவருக்கு முன்பே போய்விட்டார். ஏழு கோறளைப் பக்கம் சுற்றுப்பயணம் போய்த் தொற்றிய காய்ச்சல், 1824 மே 25. ராசா இருந்த மாளிகைக்குப் பின்னாலேயே டொயிலியின் கல்லறை. ராசா கடல் தாண்டி வேலூரில்.

இடையில் 1818இல் வெள்ளைக்காரனுக்கு எதிராக ஊவா வெல்லஸ்ஸவில் பெரிய கிளர்ச்சி நடந்தது. அதற்குத் தலைமை தாங்கிய கெப்பெட்டிபொலவை அதே வருஷம் நவம்பர் 26இல் கண்டியில் தலை வெட்டினார்கள். அவருடைய மண்டை ஓட்டை ஸ்கொட்லாந்தின் எடின்பரோவுக்கு எடுத்துப் போய்க் காட்சிப் பொருளாக வைத்தார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு 1954இல்தான் அது திரும்ப வந்தது. தலதா மாளிகைக்கு முன்னால் உள்ள வெளியில் அந்த நினைவுத்தூணைப் பார்க்கலாம். மாளிகைக்கு முன்னால் வெட்டுப்பட்டவனின் நினைவுத்தூண், பின்னால் வெட்டச் சொன்னவர்களின் ஆட்கள். நடந்தால் பத்து நிமிஷம்.

கல் இல்லாத சாவுகள்

இனி அந்தக் கேள்விக்கு வருவோம். கட்டை அடித்தது யார், குழி வெட்டியது யார்?

நம்ம பாட்டன் பூட்டன்தான். இராமநாதபுரம், புதுக்கோட்டை, திருச்சி, தஞ்சாவூர், சேலம் பக்கம் இருந்து பஞ்சத்துக்கும் கடனுக்கும் தப்பி கங்காணி பின்னால் "கண்டிச் சீமை"க்கு வந்த சனம். தோணியில் மன்னார்க் கரையில் இறங்கி, அங்கிருந்து மாத்தளை வரைக்கும் கால்நடை. 130 மைலுக்கு மேல். மக்லாஷன் கப்டன் நடந்த மாதிரியான அதே காடு, அதே நுளம்பு, அதே குளத்துத் தண்ணீர். வித்தியாசம் என்னவென்றால், கப்டனுக்குக் குதிரைக்காரனும் சமையல்காரனும் இருந்திருப்பார்கள், இவர்கள் தலையில் ஒரு மூட்டை, கையில் பிள்ளை. நடக்க முடியாமல் விழுந்தவனை அப்படியே விட்டுவிட்டுக் கூட்டம் நகர்ந்தது. பொழுது சாய்வதற்குள் அடுத்த தங்குமிடம் போகாவிட்டால் மற்றவர்களும் சாக வேண்டியதுதான்.

1840களில் மட்டும் 70 ஆயிரம் பேர் இப்படி வழியிலும் தோட்டத்திலும் செத்தார்கள் என்று அன்றைய "கொழும்பு ஒப்சேவர்" பத்திரிகையே எழுதியது. அந்தக் கணக்கு சரியா, கூடக் குறைவா என்று ஆராய்ச்சி செய்கிறவர்கள் இன்றைக்கும் வாதாடுகிறார்கள். ஆளுக்கு ஒரு பதிவும் இல்லாதபோது எப்படி எண்ணுவது? 195 துரைமாருக்கும் பெயர், வயது, திகதி எல்லாம் கல்லில் இருக்கிறது. அந்தப் பாதையில் போனவர்களுக்கு ஒரு குச்சிகூட நட்டு வைக்கவில்லை.

தப்பி மாத்தளை வந்து சேர்ந்தவர்கள் இளைப்பாறிய இடத்தில் எழுந்ததுதான் இன்றைய மாத்தளை முத்துமாரியம்மன் கோயில். அம்மை, பேதி எல்லாவற்றுக்கும் அவர்களுக்கு இருந்த ஒரே டொக்டர் மாரியம்மா. 2023இல், மலையக மக்கள் வந்து 200 வருஷம் ஆனதை ஒட்டி, தலைமன்னாரில் இருந்து மாத்தளைக்கு ஜூலை 28 தொடக்கம் ஓகஸ்ட் 12 வரை சனம் நடந்தே வந்தது. அந்தப் பழைய பாதையை நினைத்து நடந்த நடை அது. தார் ரோட்டில், தண்ணீர்ப் போத்தலோடு நடந்தவர்களுக்கே காலில் கொப்புளம். அன்றைக்குக் காலில் செருப்பு ஏது?

பூட்டியதும் திறந்ததும்

கண்டிக்கு 1865இல் மாநகர சபை வந்தது. ஊருக்கு நடுவில் பிணம் புதைப்பது சுகாதாரத்துக்குக் கேடு என்று தடை வந்து, 1870களில் இந்த இடம் மூடப்பட்டது. ஏற்கனவே இங்கே அடக்கம் செய்யப்பட்டவர்களின் சொந்தக்காரர்களுக்கு மட்டும் விசேஷ அனுமதி கொடுத்தார்கள். அப்படிக் கடைசி அடக்கம் 1951இல் நடந்தது. பிறகு கேட்பார் இல்லை. புல்லும் பற்றையும் மூடி, கல் சரிந்து, எழுத்து தேய்ந்து கிடந்தது. 1998இல்தான் ஆர்வலர்கள் சேர்ந்து காடு வெட்டி, கல்லை நிமிர்த்தி, பார்க்கக் கூடிய மாதிரி ஆக்கினார்கள். உள்ளே போக டிக்கெட் இல்லை, விரும்பினால் நன்கொடை போடலாம். எந்தக் கல்லறையில் யார், எப்படிச் செத்தார் என்று அங்கே பராமரிப்பில் இருப்பவர்கள் சொல்லித் தருவார்கள். பிள்ளைகளைக் கூட்டிப்போனால் சரித்திரப் புத்தகத்தைவிட நன்றாகப் பதியும். கல்லின் மேல் ஏறி நின்று படம் எடுக்காமல் இருந்தால் சரி.

ஒரு விஷயம், கண்டியில் இன்னொரு வெள்ளைக்கார மயானமும் உண்டு. மகாவலிக் கரைப் பக்கம் இருக்கிற யுத்த மயானம். அது இரண்டாம் உலக யுத்தத்தில் இறந்தவர்களுக்கானது. ஓட்டோக்காரரிடம் வெறுமனே "வெள்ளைக்காரன் மயானம்" என்று சொன்னால் அங்கே கொண்டுபோய் விட்டுவிடுவார். நூதனசாலைக்குப் பின்னால் என்று சொல்லுங்கள்.

சாமி துரை போன வழி

இந்தச் சேமக்காலை மூடிய பிறகு செத்த துரைமாரை மகியாவ மயானத்தில் அடக்கம் செய்தார்கள். அங்கே ஒரு கல்லறையை மட்டும் நம்ம ஆட்கள் அவசியம் பார்க்க வேண்டும். ஜேம்ஸ் டெய்லர்.

1869இல் கோப்பி இலையில் ஒரு துருப் பூச்சணம் விழுந்தது. இருபது வருஷத்துக்குள் கோப்பித் தோட்டம் எல்லாம் அழிந்தது. துரைமார் கடனாளியாகி ஊரை விட்டு ஓடினார்கள். தோட்டம் தப்பியது தேயிலையால். 1867இலேயே லூல்கந்துர தோட்டத்தில் தேயிலையைப் பயிரிட்டுக் காட்டியவர் இந்த டெய்லர். ஸ்கொட்லாந்தில் இருந்து இளந்தாரியாக வந்தவர், திரும்பிப் போகவே இல்லை. ஒரே தோட்டத்தில் நாற்பது வருஷம். கடைசியில் நிர்வாகம் லீவு எடுத்துக்கொண்டு வெளியே போ என்று சொல்லியும் போக மறுத்தார். 1892 மே 2ஆம் திகதி வயிற்றோட்டத்தால் தோட்டத்து பங்களாவிலேயே உயிர் விட்டார். வயது 57.

ஆள் பெரிய உடம்பு, 240 இறாத்தலுக்கு மேல். லூல்கந்துரயில் இருந்து கண்டிக்கு மலைப்பாதை. தோட்டத்து ஆட்கள் 24 பேர், இரண்டு செட்டாகப் பிரிந்து, நாலு மைலுக்கு ஒரு தரம் தோள் மாற்றித் தூக்கி வந்தார்கள். பின்னால் கங்காணிமாரும் தொழிலாளரும் "சாமி துரை, சாமி துரை" என்று அழுதுகொண்டு நடந்தார்களாம். மகியாவ கல்லறையில் டெய்லரின் பெயரும், தேயிலைக்கும் சிங்கோனாவுக்கும் முன்னோடி என்ற விபரமும் வெட்டியிருக்கிறது. தூக்கி வந்த 24 பேரின் பெயரை எவரும் எழுதி வைக்கவில்லை.